வீடியோவில் டாக்டர் சரி, பக்கத்தில் யார்? – இ-சஞ்சீவனி பயன்பாட்டு அனுபவம்

தொலைமருத்துவம் கிராமத்துக்கு உதவுமா என்று யாராவது கேட்டால், நோயாளிக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பயிற்சி பெற்ற ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் நன்றாகவே உதவும். வீட்டில் நாமும் போனும் மட்டும் என்றால் காய்ச்சல், சளி, தோல் அரிப்பு, பழைய மாத்திரையைத் தொடர்வது என்ற அளவில் நின்றுவிடும். கொரோனா ஊரடங்கில் தொடங்கி இன்றுவரை இ-சஞ்சீவனி என்ற அரசு தொலைமருத்துவச் சேவையை என் மாமியாருக்காகப் பயன்படுத்தி வருகிறேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலையடிவாரம். கடமலைக்குண்டு வழியாக பஸ் பிடித்து, கண்டமனூர் தாண்டி, க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தேனிக்கோ போய்த் திரும்பினால் அன்றைய பொழுது போய்விடும். கூடப் போகிறவரின் கூலியும் போகும். மழைக்காலத்தில் போன் சிக்னல் எங்கள் தெருவில் ஒரு மூலையில்தான் கிடைக்கும். இந்த நிலைமையில் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு விவரம் தேவைப்படாது.

இ-சஞ்சீவனியைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம், அதற்கு இரண்டு வாசல்கள் உண்டு என்பது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மொகாலியில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசின் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது இது. 2019 நவம்பரில் முதலில் வந்தது சுகாதார நிலையங்களுக்கான வாசல்: துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் நோயாளியோடு உட்கார்ந்து, அங்கிருந்தே டாக்டரை வீடியோவில் அழைப்பார். ஊரடங்கு வந்து ஆஸ்பத்திரிகளின் புறநோயாளிப் பிரிவுகள் முடங்கியதும், 2020 ஏப்ரல் 13 அன்று இரண்டாவது வாசல் திறந்தது. இதில் வீட்டிலிருந்தே நாம் நேரடியாக டாக்டரோடு பேசலாம். எல்லாம் இலவசம். 2023 பிப்ரவரியிலேயே நாடு முழுவதும் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எனக்கு முதலில் தெரிந்தது இரண்டாவது வாசல்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டிலிருந்து பேசுவது எளிது. மொபைல் எண், ஓடிபி, பெயர், வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, ஏற்கெனவே என்னென்ன நோய்கள் என்று கேட்கும். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் போட்டோ எடுத்து ஏற்றலாம். பிறகு வரிசை. முறை வந்ததும் வீடியோ திறக்கும். பேசி முடித்ததும் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் போட்ட மருந்துச் சீட்டு பிடிஎஃப் ஆக வந்துவிடும். ஊரடங்கில், மாத்திரை தீர்ந்துபோய் பஸ்ஸும் ஓடாத வாரத்தில், இந்தச் சீட்டு எங்களுக்குப் பெரிய உதவி. அந்த நாட்களில் மட்டுமே பயன்படுத்திவிட்டு நிறுத்தியிருந்தால் அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

தொடர்ந்து பயன்படுத்தும்போதுதான் இதன் எல்லை தெரிந்தது. அந்த எல்லை டாக்டரின் அக்கறைக் குறைவால் வருவதில்லை. சட்டமே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் மருந்துகளைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பாராசிட்டமால், உப்புசர்க்கரைக் கரைசல் பொடி போன்றவற்றை எந்த வகை ஆலோசனையிலும் எழுதலாம். வேறு சிலவற்றை முதல் தடவை எழுத வேண்டுமானால் டாக்டர் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின், எனலாப்ரில் மாதிரி நாள்பட்ட நோய்க்கான மாத்திரைகளைத் தொடர்ந்து எழுதித் தரலாம். இருக்கிற மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்ப்பதற்கு, அதே நோய்க்காக ஏற்கெனவே நேரில் காட்டியிருக்க வேண்டும். போதை தரும் மருந்துகளும் மனநோய் மருந்துகளில் கட்டுப்பாடு உள்ளவையும் பொதுவாக இந்த வழியில் கிடையாது. நேரில் பார்த்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் அது தொடர் சிகிச்சைக் கணக்கில் வராது. 'போன்ல தூக்க மாத்திரை எழுதித் தரமாட்டேங்கிறாங்க' என்று பக்கத்து வீட்டு அக்கா குறைபட்டதும் அந்த மருந்துக் கட்டுப்பாட்டால்தான். டாக்டர் செய்தது சரி.

இப்போது அந்த இரண்டு வாசலுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை கொண்டுவந்து தரும் தன்னார்வலர், எங்கள் ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்தான். (2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷரும் சுகரும் வீட்டிலேயே பார்ப்பார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு.) ஒரு மாதம் அவர் மாத்திரை கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, அத்தையின் பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாக இருப்பதைப் பார்த்தார்.

"செருப்பு இறுக்குதா பாட்டி?"

"அது கெடக்கு தாயி. மழையில நனைஞ்சு வாரு சுருங்கிப்போச்சு."

வார் சுருங்கவில்லை, கால்தான் வீங்கியிருந்தது. அன்றிரவே வீட்டிலிருந்து வீடியோவில் டாக்டரைப் பிடித்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் போனைக் காலுக்கு நேராகக் காட்டினேன். அவர் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், "இது இதயமா, கிட்னியா, மாத்திரையால வந்ததான்னு தொட்டுப் பார்க்காம என்னால சொல்ல முடியாதும்மா, நேர்ல காட்டுங்க" என்றார். அதைவிடப் பொறுப்பான பதில் அந்தத் திரையிலிருந்து வந்திருக்க முடியாது. ஆனால் எங்களுக்கு வேலை முடியவில்லை.

மறுநாள் காலை துணை நிலையத்துக்கு நடந்தே கூட்டிப்போனேன். அங்கே இருப்பவர் நர்சிங் படித்து, இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பொறுப்பில் இருப்பவர். ஊரில் எல்லோருக்கும் 'சிஸ்டர்'. தடுப்பூசி, கர்ப்பிணிகள் எல்லாம் கிராம சுகாதார செவிலியர் பார்ப்பார். சுகர், பிரஷர், புண், காய்ச்சல் இவர் பக்கம். அவர் முதலில் எடையைப் பார்த்துப் பழைய நோட்டில் இருந்த எடையோடு ஒப்பிட்டார். பிரஷர் பார்த்தார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பட்டையை நனைத்துப் பார்த்தார், இல்லை. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னார். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் டாக்டரை அழைத்தார்.

டாக்டர் திரையில் வந்ததும் பேச்சு அவர்கள் இருவருக்கும் இடையில்தான் ஓடியது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கணுக்காலுக்கு மேல எலும்பு மேல கட்டைவிரலை வச்சு அமுக்குங்க சிஸ்டர். பத்து செகண்ட். இப்ப எடுங்க. கேமராவை நேரா வைக்காதீங்க, பக்கவாட்டுல சாய்ங்க, ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழணும்." அப்படிச் சாய்த்ததும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி, நிழலோடு, தெளிவாகத் தெரிந்தது. முந்தின இரவு நான் நேராகக் காட்டியபோது அது தெரியவே இல்லை. "ரெண்டு காலிலும் ஒரே மாதிரியா? படுத்தா மூச்சு முட்டுதா? எத்தனை தலகாணி வைக்கிறாங்க?" அத்தை குறுக்கே புகுந்தார்: "தலகாணி என்னத்துக்கு? அம்பது வருசமா வெறும் பாயிதேன்."

அப்புறம் சிஸ்டர் நோட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னதுதான் முடிச்சை அவிழ்த்தது. ரத்தக்கொதிப்புக்கான அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் கூட்டிய தேதி அதில் இருந்தது. வீக்கம் வந்தது அதற்குப் பிறகு. அம்லோடிபின் கூடும்போது கணுக்கால் வீங்குவது அந்த மாத்திரைக்கே உள்ள, பரவலாக அறியப்பட்ட பக்கவிளைவு. டாக்டர் மறுபடி 5 ஆகக் குறைத்தார். அதோடு எனலாப்ரில் சேர்க்க நினைத்தார். ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்காமல் தொடங்க வேண்டாம் என்றார். ரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்தோம். முடிவு வந்த பிறகுதான் மாத்திரை தொடங்கியது. வீக்கம் வடிந்தது.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த சுற்றில் தன்னார்வலர் வந்தபோது அத்தைக்கு வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ராத்திரி தொண்டையில் பூச்சி ஊருவதுபோல் என்றார். 'சீசன் இருமல்' என்று விட்டுவிடக்கூடிய விஷயம். அந்தப் பெண் "புதுசா மாத்திரை மாத்துனாங்கல்ல, சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு இப்படி விடாத இருமலைக் கொடுக்கும். மறுபடி ஒரு வீடியோ அழைப்பு, லோசார்டான் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றம், சில வாரங்களில் இருமல் நின்றது. இந்த மொத்த விவகாரத்திலும் அத்தை ஒரு தடவைகூட பஸ்ஸில் தேனிக்குப் போகவில்லை. கவனித்தது மகளிர் குழுப் பெண், அமுக்கிப் பார்த்தது சிஸ்டர், தீர்மானித்தது டாக்டர். மூன்று பேரும் ஒரே நோட்டைப் பார்த்துப் பேசினார்கள். கூட்டுச் சிகிச்சை என்று அதிகாரிகள் மேடையில் சொல்வது இதைத்தான் என்றால், அதை நான் எங்கள் துணை நிலையத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபா எண் என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண், கணினியில் பதிவு, எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் டாக்டரின் கேள்விக்கு நாலு வினாடியில் பதில் தந்தது சிஸ்டரின் நீள நோட்டுதான். உங்கள் வீட்டிலும் ஒன்று போடுங்கள். தேதி, பிரஷர், சுகர், மாத்திரை மாறிய நாள், இதற்கு மேல் எதுவும் வேண்டாம். வரிசையில் அந்த நேரத்துக்கு யார் இருக்கிறாரோ அந்த டாக்டர்தான் எடுப்பார் என்பதால், வீட்டிலிருந்து பேசும்போது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். நோட்டு இருந்தால் அது சுருங்கும். துணை நிலையம் வழியாகப் போகும்போது இந்தக் கஷ்டமே குறைவு, ஏனென்றால் டாக்டர் மாறினாலும் சிஸ்டர் மாறுவதில்லை.

கண் விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 2000-களின் நடுவிலேயே தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கோபுரத்துக்குக் கோபுரம் நெடுந்தூர வைஃபை போட்டு போடி, சின்னமனூர் போன்ற ஊர்களின் பார்வை மையங்களைத் தேனியோடு இணைத்தது. ஸ்மார்ட்போனே இங்கு வராத காலம். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பார், தேனியில் இருக்கும் டாக்டர் பார்த்து நோயாளியோடு பேசுவார். கண்ணாடி போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பார்க்க வேண்டும். அத்தையை நான் அழைத்துப்போவது இப்படிப்பட்ட ஒரு மையத்துக்குத்தான். இ-சஞ்சீவனிக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் மூத்த ஏற்பாடு, அதிலும் நோயாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இனி, குறைகள்.

தனிமை இல்லை. துணை நிலையத்தில் அழைப்பு நடப்பது நடு அறையில். மாத்திரை வாங்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். கால் வீக்கத்தை ஊர் அறிந்தால் பரவாயில்லை. பெண்களுக்கு வெள்ளைப்படுதல், சிறுநீர் கசிவு என்று இருக்கிறது; அதை அத்தனை பேர் முன்னால் ஸ்பீக்கரில் சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்காகவே பாதி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஒரு ஹெட்போனும் ஒரு திரைச்சீலையும் போதும். கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, மேலே போன தகவல் கீழே திரும்பாதது. உறவினர் ஒருவரைத் துணை நிலையத்திலிருந்தே அழைப்பு போட்டு, எழுதிக் கொடுத்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கவுண்டரில் இருந்தவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "போன்ல எழுதின சீட்டெல்லாம் இங்க செல்லாது" என்று முதலிலிருந்து சீட்டு போடச் சொன்னார். டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த தாளில் மாத்திரைப் பெயர்கள் படிக்கும்படி இல்லை. எங்கள் சிஸ்டர் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் நோட்டில் ஏற்றினார். கீழிருந்து மேலே போகும் வழிக்குச் செயலி இருக்கிறது. மேலிருந்து கீழே வர நோயாளியின் மஞ்சள் பைதான் இருக்கிறது. மருந்துக் கடை ஒன்றிலும் இந்தப் பிடிஎஃப் சீட்டை முதலில் ஏற்கவில்லை. டாக்டரின் பதிவு எண்ணைச் சுட்டிக்காட்டிய பிறகு கொடுத்தார்கள். அச்சடித்துக் கொண்டுபோவது நல்லது.

சிக்னல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழை என்றால் படம் உறையும். படம் போனால் குரல் மட்டும் வைத்துத் தொடரச் சொல்லலாம், பழைய மாத்திரைக்கு அது போதும்.

காசு கொடுத்துப் பேசும் தனியார் செயலிகளையும் பார்த்துவிட்டேன். பெயர் வேண்டாம். வரவேற்பு நன்றாக இருக்கும், காத்திருப்பு குறைவு, பேசுகிற டாக்டர் சிறப்பு மருத்துவராகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கும் நோயாளியின் காலை அமுக்க ஆள் இல்லை. அதனால் நீளமான ஒரு பரிசோதனைப் பட்டியல் வரும். வயசானவர்களின் நாள்பட்ட நோய்க்கு இதில் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மனநலத்துக்கு வேறு எண்: 14416, டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இதற்கு மட்டும் பக்கத்தில் ஆள் தேவையில்லை. சொல்லப்போனால் ஆள் இல்லாமல் இருப்பதே நல்லது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அந்த எண் நமக்கும் சேர்த்துத்தான். நான் அழைத்திருக்கிறேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

வீட்டில் பிரஷர் மெஷின் வாங்குகிறவர்கள் மணிக்கட்டில் கட்டுவதை வாங்காமல் மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும். அத்தை பேசாமல் இருக்கமாட்டார் என்பதால் எங்கள் வீட்டில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுவேன். நோயாளி சார்பில் குடும்பத்தார் பேசலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் டாக்டர் கேட்கிற கேள்விக்கு நோயாளியையே பதில் சொல்ல விடுங்கள். தலகாணி இல்லை என்பதை நான் சொல்லியிருக்கமாட்டேன், எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது.

நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுவது, மூச்சுத் திணறல், பாம்புக்கடி என்றால் எந்தச் செயலியையும் திறக்காதீர்கள். 108. அது வருவதற்குள் சிஸ்டருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் அவரே பேசிவிடுவார்.